ஐயவாதம் படிக்க இணையத்தில் எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: வேலைக்குப் போய்க்கொண்டே தத்துவம், குறிப்பாக ஐயவாதம் (ஸ்கெப்டிசிசம்), சொந்தமாகப் படிக்க ஆசை. கல்லூரியில் படித்தது பொறியியல். ஆங்கிலம் வாசிக்க வரும், கனமான ஆங்கிலம் என்றால் தடுக்கிறது. பெரிதாகக் காசு செலவழிக்க முடியாது. யூடியூபில் தேடினால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நம்பகமான இடங்கள் எவை, எதில் தொடங்குவது, தமிழில் ஏதாவது உண்டா?

இடங்களுக்குப் பஞ்சமே இல்லை, அதுவும் பெரும்பாலும் இலவசம். திணறல் வருவது எதை முதலில் படிப்பது என்பதில்தான். பத்துப் பதினைந்து சுட்டிகளை அடுக்கிக் கொடுத்தால் சேமித்து வைத்துவிட்டு மறந்துவிடுவீர்கள், எல்லோரும் அப்படித்தான். அதனால் வேறு மாதிரி சொல்கிறேன். ஒரே ஒரு சின்ன நூலை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், வாசிக்கும்போது எங்கே முட்டுகிறதோ அங்கே எந்தத் தளம் கைகொடுக்கும் என்று பார்க்கலாம். என் பரிந்துரை, ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதி 1748-ல் வந்த 'மனித அறிவு பற்றிய ஆய்வு'. முழுவதும் வேண்டாம். பத்தாவது பகுதி, பன்னிரண்டாவது பகுதி, இவ்வளவுதான்.

ஏன் இந்த இரண்டு என்று சொல்ல வேண்டும். ஐயவாதம் என்ற ஒரே பெயரில் இணையத்தில் இரண்டு தனித்தனிப் பாடங்கள் ஓடுகின்றன, நீங்கள் குழம்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒன்று தத்துவத்துக்குள் இருப்பது: நம்மால் எதையாவது உண்மையில் அறிய முடியுமா, எதிரே இருக்கும் மேசை கனவில்லை என்று எப்படித் தெரியும், நாளைக்கும் சூரியன் உதிக்கும் என்று நம்ப என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்பது. பண்டைக் கிரேக்கத்தின் பிர்ரோ, செக்ஸ்டஸ் எம்பிரிகஸ், 1641-ல் 'தியானங்கள்' எழுதிய தெகார்த், இவர்கள் எல்லாம் இந்தப் பக்கம். இன்னொன்று விசாரணை வகை: கரண்டியை மனத்தால் வளைப்பது, ஜோதிடம், அற்புத மருந்து, ஆவி என்று யாராவது ஒன்றைச் சொன்னால் ஆதாரம் எங்கே என்று போய்ப் பார்ப்பது. 1976-ல் பால் கர்ட்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய குழு, மந்திர வித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, நம் பக்கம் ஆபிரகாம் கோவூர், இவர்கள் இந்த வகை. முதல் வகை அறிவியலின் அடித்தளத்தையே கேள்வி கேட்கும். இரண்டாவது வகையோ அறிவியலை நம்பித்தான் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து படித்தால் ஒருநாள் எதையுமே நம்ப முடியாது என்பீர்கள், மறுநாள் எல்லாவற்றையும் அறிவியல் தீர்த்துவிட்டது என்பீர்கள்.

ஹியூமின் பத்தாவது பகுதி அற்புதங்களைப் பற்றியது, அதாவது இரண்டாவது வகை. பன்னிரண்டாவது பகுதி ஐயவாதத் தத்துவத்தைப் பற்றியது, முதல் வகை. ஒரே ஆள், ஒரே புத்தகம், இடையே சில பக்கங்கள்தான் தூரம். அதனால்தான் இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

மூல நூல் கிடைப்பது சுலபம். பீட்டர் மில்லிகனும் ஏமியாஸ் மெரிவேலும் நடத்தும் ஹியூம் நூல்களுக்கான தனித் தளம் இருக்கிறது, டேவிட் ஹியூம் என்று பெயரைச் சேர்த்து எழுதிப் பின்னால் டாட் ஓஆர்ஜி போட்டால் வந்துவிடும். பத்தி எண்களோடு சுத்தமான பாடம் அங்கே உண்டு. பழைய நூல்களை இலவசமாகத் தரும் புராஜெக்ட் குட்டன்பெர்க்கிலும் இருக்கிறது, போனில் வாசிக்க அது வசதி. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம் உங்களைத் தடுக்கும், அது உறுதி. அதற்குத்தான் ஜோனதன் பென்னட் என்ற தத்துவப் பேராசிரியர் ஒரு பெரிய வேலை செய்து வைத்திருக்கிறார். ஏர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ் என்ற அவருடைய தளத்தில் தெகார்த், லாக், பார்க்லி, ஹியூம், காண்ட் எல்லோரையும் இன்றைய எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதியிருக்கிறார். நீண்ட வாக்கியங்களை உடைத்திருக்கிறார், வாதம் எங்கே திரும்புகிறது என்று காட்டியிருக்கிறார், தான் விளக்கத்துக்காகச் சேர்த்த இடங்களுக்குச் சின்னப் புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் போட்டிருக்கிறார். இதை ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கும் பண்டிதர்கள் உண்டு, கண்டுகொள்ளாதீர்கள். முதல் தடவை பென்னட்டில் வாசித்து வாதத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் தடவை ஹியூமின் சொந்த நடைக்குப் போங்கள். ஒன்றே ஒன்று கவனம்: பென்னட் எழுதிய வரியை ஹியூம் சொன்னது என்று மேற்கோள் காட்டக் கூடாது.

பத்தாவது பகுதியில் வாதம் சுருக்கமாக இப்படிப் போகும். அறிவாளி, ஆதாரம் எவ்வளவோ அவ்வளவே நம்புவான். ஒரு சாட்சி சொல்வதை நாம் நம்புவதே, சாட்சிகள் பொதுவாக உண்மை சொல்வதை அனுபவத்தில் பார்த்திருப்பதால்தான். இயற்கை விதிக்குப் பின்னால் இருப்பதும் அனுபவம்தான், அதுவும் விலக்கே இல்லாத அனுபவம். அப்படியானால் செத்தவர் எழுந்தார் என்று ஒருவர் சொல்லும்போது எது நடப்பது கடினம் என்று எடை போட வேண்டும்: செத்தவர் எழுவதா, அல்லது சொல்கிறவர் பொய் சொல்வதோ ஏமாந்திருப்பதோவா? படித்ததும் 'ஆமாம், சரிதானே' என்று தோன்றும். அங்கே நிறுத்தினால் நீங்கள் தத்துவம் படிக்கவில்லை, உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த முடிவை ஒரு பெரிய மனிதர் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அடுத்து எதிர்வாதத்துக்குப் போக வேண்டும். ஹியூம் உயிரோடு இருக்கும்போதே, 1767-ல், ரிச்சர்ட் பிரைஸ் என்ற பாதிரியார் பதில் எழுதினார். இந்தப் பிரைஸ்தான் கணிதக்காரர் தாமஸ் பேயஸின் நிகழ்தகவுக் கட்டுரையை, பேயஸ் இறந்த பிறகு, வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர். ஒரு லாட்டரியில் குறிப்பிட்ட ஓர் எண் விழ வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனாலும் பேப்பரில் அந்த எண் வந்திருந்தால் தயங்காமல் நம்புகிறோமே, நடக்க வாய்ப்பில்லாததைச் சாதாரணச் சாட்சி தினமும் வென்றுவிடுகிறதே என்பது மாதிரி போகும் அவர் வாதம். பொறியியல் படித்தவருக்கு இது உடனே பிடிபடும். ஹியூம் தோற்றாரா என்பது வேறு விஷயம், லாட்டரியும் இயற்கை விதி மீறலும் ஒன்றுதானா என்று நீங்களே சண்டை போட்டுப் பாருங்கள்.

எதிர்வாதங்களைத் தேடும் இடம் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம். 1995-ல் எட்வர்ட் ஜால்டா தொடங்கியது, முழுக்க இலவசம், ஒவ்வொரு கட்டுரையையும் அந்தத் துறைக்காரர் பெயர் போட்டு எழுதுகிறார், மற்ற துறைக்காரர்கள் சரிபார்க்கிறார்கள், சில வருடங்களுக்கு ஒருமுறை திருத்தவும் செய்கிறார்கள். பழைய பதிப்புகள்கூட அழியாமல் இருக்கும், அதனால் மேற்கோள் காட்டப் பயமில்லை. அதில் அற்புதங்கள் பற்றிய கட்டுரையைப் பாருங்கள், டிமதி மெக்ரூ எழுதியது, ஹியூமுக்கு எதிரான பக்கத்துக்கு அதில் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது. அதனாலேயே அது உங்களுக்கு உபயோகம்.

ஆனால் ஸ்டான்ஃபோர்டை எப்படி வாசிப்பது என்று யாரும் சொல்வதில்லை. அது தொடக்கக்காரருக்கு எழுதப்பட்டதல்ல. மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் படிக்கப் போனால் மூன்றாம் பகுதியில் குறியீடுகள் வரும், மூடிவிடுவீர்கள். முன்னுரையை இரண்டு தடவை வாசியுங்கள், உள்ளடக்கத் தலைப்புகளை மட்டும் ஒரு பார்வை பாருங்கள், உங்களுக்கு முட்டிய இடம் எந்தத் தலைப்பில் வருகிறதோ அதற்கு மட்டும் போங்கள். ஐயவாதம் என்ற நேர்த் தலைப்பில் உள்ள கட்டுரை கொஞ்சம் கடினம், அதைவிட்டுப் பண்டைய ஐயவாதம் பற்றி காட்யா ஃபோக்ட் எழுதியிருப்பதில் தொடங்குங்கள். அதுவும் கனமாக இருந்தால் இன்டர்நெட் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபிலாசஃபி என்று இன்னொன்று இருக்கிறது, அதுவும் 1995-ல் தொடங்கியதுதான், ஜேம்ஸ் ஃபைசர் ஆரம்பித்தது, நடை ஒரு படி எளிது. அதற்கும் கீழே, ஆயிரம் சொற்களுக்குள் ஒரு விஷயத்தை முடிக்கும் 'தவுசண்ட் வேர்ட் ஃபிலாசஃபி' என்ற தளம். பஸ்ஸில் வாசிக்க அது சரி.

சரி, பன்னிரண்டாவது பகுதி. இங்கே ஹியூம், எதிலும் முடிவு சொல்லாமல் நிறுத்திவைக்கும் பிர்ரோ வகை ஐயவாதத்தை எடுத்துக்கொண்டு, வாதத்தால் அதை வெல்ல முடியாது என்று ஒப்புக்கொள்கிறார், ஆனால் அதைக் கடைப்பிடித்து யாரும் ஒருநாள்கூட வாழ முடியாது என்கிறார், பிறகு ஒரு மிதமான ஐயவாதத்தில் வந்து நிற்கிறார். இதைப் படித்ததும் இயல்பாக ஒரு கேள்வி எழ வேண்டும்: பிர்ரோ வகையினர் உண்மையில் என்னதான் சொன்னார்கள், ஹியூம் அவர்களை நியாயமாகத்தான் சித்திரிக்கிறாரா? இதற்குச் செக்ஸ்டஸ் எம்பிரிகஸிடம் போக வேண்டும். மேரி மில்ஸ் பாட்ரிக் என்பவர் 1899-ல் எழுதிய கிரேக்க ஐயவாதம் பற்றிய நூல் குட்டன்பெர்க்கில் இருக்கிறது, செக்ஸ்டஸின் முதல் நூலின் மொழிபெயர்ப்பும் அதிலேயே இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்புதான், ஆனால் காசில்லாமல் கிடைப்பது. அதில் அக்ரிப்பா என்ற பண்டைய ஐயவாதியின் ஐந்து வழிகள் என்று வரும், அதை மட்டுமாவது நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒன்றை உறுதியாகச் சொன்னால்: இதில் கருத்து வேறுபாடு இருக்கிறதே, உன் காரணத்துக்குக் காரணம் என்ன, அதற்குக் காரணம் என்ன, இது பார்ப்பவர் நிலையைப் பொறுத்ததுதானே, இதை நீ சும்மா வைத்துக்கொண்டு தொடங்குகிறாய், நீ நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாகக் காட்டுகிறாய். இந்த ஐந்துக்கும் முழுப் பதில் இன்றுவரை யாரும் எல்லோரும் ஏற்கும்படி தந்ததில்லை. இன்றைய அறிவாய்வியலில் (அறிவு என்றால் என்ன என்று ஆராயும் துறை) பெரிய பள்ளிகள் எல்லாம் இந்த ஐந்தில் எதை எப்படித் தாங்குவது என்பதில்தான் பிரிகின்றன.

கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றால் காதுக்குப் பீட்டர் ஆடம்சன். 'இடைவெளியில்லாத தத்துவ வரலாறு' என்று 2010-லிருந்து பாட்காஸ்ட் நடத்துகிறார், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம், யாரையும் விடாமல் வரிசையாக. பெரிய பெயர்களை மட்டும் தாண்டித் தாண்டிப் போகும் பாடநூல்களின் பழக்கத்துக்கு எதிராக ஆரம்பித்தது. பண்டைக் கிரேக்கப் பகுதியில் பிர்ரோ, கார்னியடீஸ், செக்ஸ்டஸ் எல்லாம் வருவார்கள். கார்னியடீஸ் பற்றி ஒரு செய்தி: கி.மு. 155-ல் ஏதென்ஸின் தூதராக ரோமுக்குப் போனவர், ஒருநாள் நீதிக்கு ஆதரவாகவும் மறுநாள் அதே நீதிக்கு எதிராகவும் பேசி இளைஞர்களை மயக்கிவிட்டார், இந்த ஆளைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்புங்கள் என்று ரோமச் செனட்டர் 'கேட்டோ' அவசரப்பட்டார் என்பார்கள். இப்போது யூடியூபில் திரும்பிய பக்கமெல்லாம் ஸ்டோயிக் தத்துவம் பொங்கி வழிகிறதே, காலையில் ஐந்து மணிக்கு எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது என்று, அந்த ஸ்டோயிக்குகளின் அறிவுக் கொள்கையை இருநூறு வருடம் துரத்தித் துரத்தி அடித்தவர்கள் இந்தக் கார்னியடீஸின் அகாடமிக்காரர்கள்தான், அதாவது பிளேட்டோ நிறுவிய பள்ளியின் பின்வந்தவர்கள். அந்த வீடியோக்களில் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆடம்சன் இந்தியத் தத்துவத்துக்கும் ஜோனார்டன் கனேரியோடு சேர்ந்து ஒரு முழுத் தொடர் செய்திருக்கிறார். இதைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் ஐயவாதம் கிரேக்கத்தில் பிறந்து ஐரோப்பாவில் வளர்ந்தது என்ற எண்ணம் அதோடு போய்விடும். பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் அளவைகளையே, அதாவது எதைக் கொண்டு அறிகிறோமோ அதையே, கேள்வி கேட்டவர்: அளவையை எதைக் கொண்டு அளப்பாய் என்று. ஜெயராசி பட்டர் என்று ஒருவர், சுமார் கி.பி. எட்டு ஒன்பதாம் நூற்றாண்டு, எந்த அளவையும் நிற்காது என்று பள்ளி பள்ளியாக எடுத்து உடைத்திருக்கிறார். அவருடைய 'தத்துவோபப்லவசிம்ஹம்' நூலின் ஓலைச்சுவடி 1926-ல் குஜராத்தின் பாடனில் கிடைத்து, 1940-ல்தான் அச்சேறியது. ஜெயராசிக்கு ஸ்டான்ஃபோர்டில் தனிக் கட்டுரையே உண்டு. இந்தியத் தருக்கப் பள்ளியான நியாயத்தைச் சேர்ந்தவர்கள் இவர்களுக்குச் சொன்ன பதிலையும் சேர்த்துப் படியுங்கள், ஐயம் கொள்ளவும் ஏதோ ஒன்றை உறுதியாக அறிந்திருக்க வேண்டும் என்ற திசையில் போகும் அது. மேற்கில் இருபதாம் நூற்றாண்டில் வரும் வாதத்தின் வாடை அதிலேயே அடிக்கும். பிர்ரோ அலெக்சாந்தரோடு இந்தியா வந்து இங்குள்ள துறவிகளைச் சந்தித்தார் என்று பண்டைத் தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லேயர்ஷியஸ் எழுதியிருப்பதை வைத்து 'கிரேக்கர்கள் நம்மிடம் திருடிய ஐயவாதம்' என்று வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை அவ்வளவு தூரம் இழுக்க அந்த ஆதாரம் தாங்காது.

தமிழில் என்ன உண்டு என்று கேட்டீர்கள். இன்றைய தமிழில் ஐயவாதத்துக்கென்று நான் பரிந்துரைக்கும்படி முழுமையான தளம் இல்லை. விக்கிப்பீடியாக் கட்டுரைகள் சிலது நன்றாக இருக்கும், சிலது இரண்டு பத்தியில் நின்றுவிடும். ஆனால் பழந்தமிழில் சரக்கு இருக்கிறது, மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் தேடலாம். மணிமேகலையின் 27-ஆவது காதை, சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு வாதியாகப் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் வரும் அளவைவாதி காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்) என்று பத்து அளவைகளைச் சொல்வதோடு நிற்காமல் அளவை பிழைக்கும் எட்டு வழிகளையும் சொல்கிறான். திரியக்கோடல் (ஒன்றை வேறொன்றாக எடுப்பது), தேராது தெளிதல் (ஆராயாமல் முடிவுசெய்வது), ஐயம் எல்லாம் அந்தப் பட்டியலில். கடைசியில் பூதவாதி வருகிறான், கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாயையும் தந்தையையும் அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? ஒரே அடி. காட்சி மட்டுமே அளவை என்ற கொள்கைக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் எங்கும் படித்ததில்லை. 29-ஆவது காதையில் பௌத்த தருக்கம் விரிவாக, போலி வாதங்களின் வகைகளோடு வரும், அதை உரையில்லாமல் படிக்க முடியாது. அப்புறம் நீலகேசி, சமண நூல், ஊர் ஊராகப் போய் எதிர்ச் சமயத்தாரோடு வாதாடும் ஒரு பெண்ணின் கதை. சைவ நூலான சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பரபக்கம், உலகாயதனில்தான் (கண்கண்ட உலகமே உண்மை என்பவன்) தொடங்குகிறது. ஒரு எச்சரிக்கை: இந்த நூல்களிலெல்லாம் உலகாயதன் பேசுவது அவனை மறுக்க வந்தவரின் பேனாவில். அவன் வாய் திறப்பதே தோற்பதற்குத்தான். அதை நினைவில் வைத்துப் படித்தால், எதிரியை எப்படி எழுதிக் காட்டுகிறார்கள் என்பதே ஒரு பாடம்.

தமிழில் இன்னொன்றும் இருக்கிறது, தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. இலங்கையில் பள்ளி இறுதித் தேர்வான உயர்தரத்துக்கு 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடமே உண்டு, தமிழ்மொழி மூலம் படிக்கலாம். தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி எல்லாம் தமிழில் இணையத்தில் கிடைக்கும், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' என்ற தளத்தில் பழைய பாடநூல்களும் தேடலாம். தருக்கமும் அறிவியல் முறையும் ஒழுங்காகத் தமிழில், பரீட்சைக்கு எழுதும் மாணவருக்கான தெளிவோடு எழுதப்பட்டவை. சொற்கள் நமக்குக் கொஞ்சம் பழக்கமில்லாமல் இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆங்கிலத்தில் தருக்கத்தில் சறுக்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆங்கிலத்திலேயே வேண்டும் என்றால் பி.டி. மேக்னஸின் 'ஃபார் ஆல் எக்ஸ்' என்ற இலவசப் பாடநூல், அல்லது என்பிடெல் என்ற இலவச இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் தருக்கப் பாடங்கள்.

வகுப்பு மாதிரி யாராவது நடத்தினால் தேவலை என்றால் பீட்டர் மில்லிகன் ஆக்ஸ்ஃபோர்டில் முதலாண்டு மாணவர்களுக்கு எடுத்த 'ஜெனரல் ஃபிலாசஃபி' விரிவுரைகள் ஆக்ஸ்ஃபோர்டு பாட்காஸ்ட் தளத்தில் இலவசம். மேலே சொன்ன ஹியூம் தளத்தின் அதே மில்லிகன். தொகுத்தறிதல் (கண்டதை வைத்துக் காணாததை முடிவுகட்டுவது), ஐயவாதம், சுயவிருப்பம் என்று போகும், படங்களோ பின்னணி இசையோ கிடையாது, ஒரு மனிதர் நின்று பேசுவார். இணைய வகுப்புத் தளமான கோர்செராவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலிருந்து டங்கன் பிரிட்சார்ட் ஐயவாதத்துக்கென்றே ஒரு சின்ன கோர்ஸ் வைத்திருக்கிறார், இன்றைய விவாதம் எங்கே நிற்கிறது என்று பார்க்க அது நல்லது. கோர்செராவில் காசு கேட்கும் பொத்தானைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள், சேரும்போதே இலவசமாகப் பார்க்கும் வழி அந்த கோர்ஸுக்கு இருக்கிறதா என்று நிதானமாகத் தேடுங்கள். சான்றிதழுக்குக் காசு கட்டாதீர்கள், தத்துவச் சான்றிதழை வைத்து உங்கள் மேலாளர் எதுவும் செய்யப் போவதில்லை.

இனி இரண்டாவது வகை, விசாரணை ஐயவாதம். இந்த இயக்கத்தின் பத்திரிகைகள், பாட்காஸ்ட்கள் எக்கச்சக்கம். பால் கர்ட்ஸ் குழுவின் 'ஸ்கெப்டிகல் என்கொயரர்' பழைய கட்டுரைகள் தளத்தில் நிறையக் கிடைக்கும், ஸ்டீவன் நோவெல்லா குழு 2005-லிருந்து வாராவாரம் பாட்காஸ்ட் போடுகிறது. கேளுங்கள், ஆனால் அதிலேயே ஊறிப் போகாதீர்கள் என்பது என் கட்சி. இவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, முடிவு முன்கூட்டியே தெரிந்த விஷயங்களையே எடுத்து அடிப்பது. ஜோதிடம் பொய் என்று ஐம்பதாவது தடவை கேட்பதால் உங்கள் புத்தி கூர்மையாகாது, எதிராளியைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம்தான் வளரும். நம் பக்கத்துக்காரர்கள் செய்தது வேறு மாதிரி. கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த கோவூர், 1963-ல், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார், யாரும் வாங்கவில்லை. அதைத் தொடர்ந்தவர் பிரேமானந்த், கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் போத்தனூரிலிருந்து 1988 முதல் 'இந்தியன் ஸ்கெப்டிக்' நடத்தியவர். விபூதி வரவழைப்பது, வாயில் கற்பூரம் எரிப்பது எல்லாம் எப்படி என்று மேடையில் தானே செய்து காட்டி, கிராமத்து ஆட்களையும் செய்ய வைத்தார். கேலிக்குப் பதிலாகச் செய்முறை. அவருடைய பழைய காணொளிகள் கிடைத்தால் பாருங்கள்.

இன்றைய காலத்துக்கு இதில் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் கார்ல் பெர்க்ஸ்ட்ராமும் ஜெவின் வெஸ்டும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2017-ல் தொடங்கிய 'காலிங் புல்ஷிட்' வகுப்பைச் சொல்வேன். விரிவுரைகள் யூடியூபில், பாடத்திட்டமும் உதாரணங்களும் அவர்கள் தளத்தில். பொய் எப்போதும் காவி கட்டிக்கொண்டோ தாயத்து விற்றுக்கொண்டோ வராது, வரைபடமும் எண்ணும் போட்டுக்கொண்டு வரும் என்பதுதான் அவர்கள் பாடம். முகத்தைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கணினி நிரல் செய்துவிட்டோம் என்று 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. நிரலின் கணக்கைத் தொடவே வேண்டாம், பயிற்சிக்குக் கொடுத்த படங்களைப் பாருங்கள் என்றார்கள் இவர்கள். குற்றவாளிகளின் படங்கள் அரசு அடையாள அட்டைப் படங்கள், மற்றவர்களுடையது இணையத்திலிருந்து எடுத்தவை, அதாவது அவரவர் நன்றாகத் தெரிவதற்காகப் போட்டுக்கொண்டவை. நிரல் கண்டுபிடித்தது குற்றத்தை இல்லை, சிரிப்பை. உங்கள் வேலையிலேயே இந்தப் பாடம் நாளைக்குத் தேவைப்படும்.

ஒரு தளம் நம்பகமானதா என்று பார்ப்பதற்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க் குழு வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பையும் உட்காரவைத்து, அறிமுகமில்லாத தளங்களை மதிப்பிடச் சொன்னது. பேராசிரியர்களில்கூடப் பலர் அந்தத் தளத்துக்குள்ளேயே கவனமாக வாசித்துக்கொண்டிருந்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சில நொடிகளில் அதைவிட்டு வெளியே வந்து, வேறு தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள், நான் இங்கே சொன்ன தளங்களுக்கும் சேர்த்து. மருத்துவ விஷயம் என்றால் நேரே காக்ரேன் தளத்துக்குப் போகலாம், இருக்கிற ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடை போட்டுச் சொல்வார்கள், பல ஆய்வுகளின் எளிய சுருக்கம் தமிழிலேயே இருக்கிறது. அறிவியலுக்கும் போலி அறிவியலுக்கும் கோடு எங்கே என்று யோசிக்கத் தோன்றும்போது ஸ்டான்ஃபோர்டில் ஸ்வென் ஓவே ஹான்சன் எழுதிய கட்டுரைக்குத் திரும்பி வாருங்கள். இரண்டு வகை ஐயவாதமும் சந்திக்கும் இடம் அது.

ஏஐ செயலிகளைக் கேட்டுப் படிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முட்டிய பத்தியை எளிதாக்கிச் சொல்லக் கேளுங்கள், உங்கள் வாதத்துக்கு எதிர்வாதம் கேளுங்கள், அதற்கு நன்றாக உதவும். நூல் பெயர், பக்க எண், மேற்கோள் மட்டும் அதனிடம் வாங்கி அப்படியே நம்பாதீர்கள், இல்லாத கட்டுரையை இருக்கிற பேராசிரியர் பெயரில் அச்சு அசலாக உண்டாக்கித் தரும். சரிபார்க்க ஃபில்பேப்பர்ஸ் இருக்கிறது, டேவிட் சால்மர்ஸும் டேவிட் பூர்ஜேயும் நடத்துவது, தத்துவத்தில் வந்த கட்டுரை அங்கே அநேகமாக அகப்பட்டுவிடும், பலவற்றுக்கு ஆசிரியரே போட்ட இலவச நகலும் இருக்கும். அவர்கள் 2020-ல் தத்துவக்காரர்களிடம் எடுத்த கணக்கெடுப்பையும் பாருங்கள். வெளியுலகம் உண்டு, அதை அறியவும் முடியும் என்ற பக்கம் ஏறத்தாழ 80 சதவீதம், ஐயவாதத்தின் பக்கம் சுமார் 5 சதவீதம்தான். அக்ரிப்பாவுக்குப் பதில் முழுதாகக் கிடைக்காத நிலையிலும் இவர்கள் ஏன் இவ்வளவு தைரியமாக இருக்கிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. ஆங்கிலத் தத்துவவாதி ஜி.இ. மூர் 1939-ல் இரண்டு கைகளைத் தூக்கிக் காட்டி வெளியுலகத்தை நிரூபித்தது அதில் ஒரு பதில், அபத்தமாகத் தோன்றும், படித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

காசு கேட்கும் கட்டுரை எதிர்ப்பட்டால் ஆய்விதழ்களைச் சேர்த்துவைக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து ஆன்லைனிலேயே வாசிக்கலாம், மாதத்துக்கு 100 கட்டுரை வரை விடுகிறார்கள். அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், இந்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025-லிருந்து அவர்களுக்கு முப்பது பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது, அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஹியூமைத் திறந்து முதல் இரண்டு பக்கத்திலேயே மூச்சு முட்டினால் விட்டுவிடாதீர்கள், ஒரு படி கீழே இறங்கி பெர்ட்ரண்ட் ரஸல் 1912-ல் எழுதிய 'தத்துவத்தின் பிரச்சினைகள்' நூலின் முதல் அத்தியாயத்தை மட்டும் வாசியுங்கள். குட்டன்பெர்க்கில் இருக்கிறது, ஒரு மேசையை எடுத்துக்கொண்டு அதன் நிறம் எது, வடிவம் எது என்று கேட்டுக்கொண்டே போவார், ஆங்கிலமும் தண்ணீர் மாதிரி ஓடும். அதை முடித்துவிட்டு ஹியூமின் பத்தாவது பகுதிக்கு வாருங்கள். வாசித்த பிறகு வாதத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், எழுத வராத இடம்தான் புரியாத இடம், அந்த இடத்தை எடுத்துக்கொண்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போகலாம்.